நஷ்ட ஈடு லாபமல்ல, முதல்!

வியாபாரத்தில் நஷ்டம் என்பது புதிதல்ல. அரிசி விலை திடீரென்று இறங்கும். பருப்பில் வண்டு விழும். கடன் சொல்லி வாங்கியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் நாம் கடை நடத்துகிறோம். ஆனால் ஒரே இரவில் வெள்ளம் புகுந்து மூட்டை மூட்டையாகச் சரக்கை நனைத்துவிட்டுப் போனால், அதைத் தாங்க நம்மிடம் இருப்பது இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றுதான். அந்தப் பாலிசிப் பணத்திலும் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று கேட்டு வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றி நம் வணிகப் பெருமக்களுக்குச் சில விவரங்களைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதிக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே வெள்ளக்காடாயிற்று. ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் ஏரி என்று இருக்கும் அயனம்பாக்கம், நொளம்பூர், வானகரம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு மழைக்காலம் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் முதலில் வருபவர் பழைய சாக்கு வாங்குபவர். அவருக்குப் பின்னாலேயே வருபவர், "உங்கள் கிளெய்மை நாங்கள் வாங்கித் தருகிறோம், பணம் வந்த பிறகு கொடுத்தால் போதும்" என்று சொல்லும் நிறுவனத்தின் ஆள்.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. பணம் வராவிட்டால் நமக்குச் செலவில்லை என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

எத்தனை சதவீதம், எதன்மேல்?

எங்கள் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 2023 வெள்ளத்தில் சுமார் 5 லட்சம் ரூபாய்ச் சரக்கு வீணாயிற்று. சர்வேயர் முதலில் போட்ட மதிப்பு இரண்டரை லட்சம். மனம் உடைந்திருந்த நேரத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிடைக்கும் தொகையில் 20 சதவீதம் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடைசியில் 4 லட்சம் வந்தது. கட்டணம் 80,000 ரூபாய், வரி 14,400 ரூபாய், ஆக மொத்தம் 94,400 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர் என்பதால் அந்த வரியும் அவருக்குத் திரும்ப வராத செலவு.

"அண்ணாச்சி, இரண்டரை நாலாச்சே, நல்லதுதானே?" என்று கேட்டார். நல்லதுதான். ஆனால் இரண்டரை லட்சம் அந்த நிறுவனம் வருவதற்கு முன்பே மேஜை மேல் இருந்த பணம். அவர்கள் கூடுதலாக வாங்கித் தந்தது ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சத்துக்கு 94,400 ரூபாய் என்றால் நூற்றுக்கு 63 ரூபாய் ஆகிறது. காகிதத்தில் 20 சதவீதம் என்று இருந்தது, உண்மையில் 63 சதவீதம். "கூடுதலாகக் கிடைத்ததில்" என்பதற்கும் "மொத்தத் தொகையில்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நஷ்ட ஈடு என்பது லாபமல்ல. போன முதல் திரும்பி வருவது. அதிலிருந்து கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் விழும் ஓட்டை. மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 4 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 94,400 ரூபாயை மீண்டும் சம்பாதிக்க 23 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும். அவர் கடைக்கு அது மாதக்கணக்கில் உழைக்கும் உழைப்பு. சரக்கு நிரப்பக் கையில் பணம் குறைந்ததால் என் மண்டியில் அவர் பாக்கி மூன்று மாதம் நின்றது. சில்லறைக் கடைக்காரர் முதலில் ஓட்டை விழுந்தால் அது மொத்த வியாபாரியின் பேரேட்டிலும் தெரியும். ஆகவே இது யாரோ ஒருவருடைய கஷ்டம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

கட்டணம் கேட்காத கதவுகள்

இத்தகைய நிறுவனங்கள் நமக்காகச் செய்வது என்ன? கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பதில் சரியில்லை என்றால் மேலே புகார் கொடுக்கிறார்கள். அந்த மேலிடங்கள் எல்லாம் சாதாரண மனிதர் தாமே போய்க் கேட்பதற்காகவே அமைக்கப்பட்டவை என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

முதல் கதவு, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. ஒவ்வொரு கம்பெனியிலும் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். கடிதமோ ஈமெயிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' மூலமாகவும் புகாரைப் பதியலாம். 155255 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

இரண்டாவது கதவு, ஆம்புட்ஸ்மன் எனப்படும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். சென்னையில் அண்ணா சாலை, தேனாம்பேட்டை, 453 எண்ணில் உள்ள ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனி நபர்கள் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். 2023 நவம்பரில் இருந்து 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் ஒரு பைசா கிடையாது. புகாரைப் பாலிசிதாரரோ அவருடைய வாரிசோ நாமினியோதான் கொடுக்க வேண்டும். ஆகவே அங்கே போவதற்கு இடையில் ஒருவர் தேவையே இல்லை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருக்கக் கூடாது. அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் அவர்கள் நிறைவேற்ற வேண்டும். நமக்குத் திருப்தி இல்லை என்றால் நாம் மேலே போகலாம்.

மூன்றாவது கதவு, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது கட்டணம். நாம் கொடுத்த விலை எவ்வளவோ அதை வைத்துத்தான் கட்டணம் கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இன்சூரன்ஸில் நாம் கொடுத்த விலை என்பது பிரீமியம். நம் கடைகளுக்குப் பிரீமியம் சில ஆயிரங்களுக்குள்தான். எனவே கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு.

"கடைக்காரன் நுகர்வோர் ஆவானா? வியாபாரத்துக்காக எடுத்த பாலிசி ஆயிற்றே" என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனிகளும் இந்த வாதத்தை வைத்துப் பார்த்தன. 2002இல் குஜராத் கலவரத்தில் அகமதாபாத்தில் ஒரு மோட்டார் நிறுவனத்தின் ஷோரூம் சேதமடைந்தது. இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 ஏப்ரலில் தீர்ந்தது. பாலிசி எடுப்பது லாபம் சம்பாதிக்க அல்ல, நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ளத்தான்; ஆகவே வணிக நிறுவனமும் நுகர்வோர்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு லாபமல்ல என்று மேலே சொன்னதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இலவச சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் பெண்கள் இருக்கிறார்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இருக்கிறார்கள், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

சதவீதக் கூலியும் சட்டமும்

வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பது சரியா? வக்கீல்களைப் பொறுத்தவரை கூடவே கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு பெறுவதையும் இந்திய பார் கவுன்சிலின் விதி தடை செய்கிறது.

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 1998இல் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் இழப்பீட்டு வழக்கு நடத்தினார். வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்த பிறகும், கிடைத்த தொகையில் சதவீதக் கணக்குப் போட்டு மேலும் 3 லட்சத்துக்கு அவரிடம் காசோலை வாங்கப்பட்டது. காசோலை திரும்பியது. செக் மோசடிக்கு நாம் அஞ்சும் அதே 138ஆவது பிரிவில் அந்த விதவைப் பெண்மீது வழக்குப் பாய்ந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இழப்பீட்டில் சதவீதக் கட்டணம் கேட்பது பொதுநலனுக்கு எதிரானது, தொழில் ஒழுங்கீனம் என்றும் கூறியது.

ஆனால் வாசலுக்கு வரும் நிறுவனங்கள் வக்கீல்கள் அல்ல, "ஆலோசகர்கள்". பார் கவுன்சில் விதி அவர்கள்மேல் நேரடியாகப் பாயாது. வழக்குப் பணத்தில் பங்கு பேசும் ஒப்பந்தம் இந்தியாவில் அதனாலேயே செல்லாது என்று ஆகிவிடாது என 1876இலேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, அந்த ஒப்பந்தம் அநியாயக் கொள்ளையாக இருந்தால் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆக, கையெழுத்துப் போட்ட பிறகு நியாயம் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கே இன்னொரு வழக்குப் போட வேண்டும். கால் வைத்த பின் ஆழம் பார்ப்பதைவிட முன்பே பார்ப்பது மேல்.

இங்கிலாந்தில் இதே வியாதி நம்மைவிடப் பெரிதாகப் பரவியது. அங்கே வங்கிகள் கடன் வாங்கியவர்களிடம் தேவையில்லாத இன்சூரன்ஸை ஏமாற்றி விற்றன. பிறகு 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பணத்தை வாங்கித் தருகிறோம் என்று புற்றீசல்போல் நிறுவனங்கள் கிளம்பி நான்கில் ஒரு பங்குக்கு மேல் கறந்தன. அங்கும் ஆம்புட்ஸ்மனிடம் பொதுமக்கள் இலவசமாகவே போகலாம்; தெரியாதவர்கள்தான் கட்டணம் கொடுத்தார்கள். 2018இல் அந்நாட்டு அரசு சட்டம் போட்டு இந்த வகைக் கட்டணத்துக்கு 20 சதவீத உச்சவரம்பு கொண்டுவந்தது. பிற நிதிக் கோரிக்கைகளுக்கும் 2022 மார்ச் முதல் வரம்பு உண்டு. தொகை பெரிதாகப் பெரிதாகச் சதவீதம் 30இலிருந்து 15 வரை இறங்குகிறது. நம் நாட்டில் இந்த நிறுவனங்களின் கட்டணத்துக்கு வரம்பு வைக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆகவே நாமேதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸ் மட்டுமல்ல

தகப்பனார் காலத்து வங்கி டெபாசிட், மறந்துபோன ஷேர்கள் இவற்றை மீட்டுத் தருவதாகவும் ஆட்கள் வருகிறார்கள். பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச் முடிவில் அதில் இருந்தது 78,213 கோடி ரூபாய். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரியும். பிறகு அந்த வங்கிக் கிளைக்கே போய் வாங்கிக்கொள்ளலாம். டிவிடெண்ட் ஏழு ஆண்டு தொடர்ந்து வாங்கப்படாத ஷேர்கள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாறியிருக்கும். அதற்கு ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம். தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்றிதழ், முத்திரைத் தாள் போன்ற செலவுகள் இருக்கும். அவை எப்படியும் நம் தலையில்தான், ஏஜெண்டு வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

கிளெய்ம் ஏன் குறைகிறது?

இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாமே நம்மை ஏமாற்றுகின்றன என்று சொல்ல மாட்டேன். தொகை குறைவதற்குப் பல நேரங்களில் காரணம் நம் பாலிசியிலேயே இருக்கிறது. 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு வைத்துக்கொண்டு, பிரீமியம் மிச்சம் என்று 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். பாதி மதிப்புக்குப் பாலிசி, பாதி நஷ்ட ஈடு. 2021 ஏப்ரல் முதல் வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் மன்னித்து விடுகிறார்கள்; அதற்கு மேல் போனால் இதே கதைதான். எந்த ஏஜெண்டும் இதை மாற்றித் தர முடியாது.

குடோன் விலாசம் பாலிசியில் இல்லாமல் இருப்பது இன்னொரு காரணம். வங்கிக் கடனுக்காக வங்கியே எடுத்த பாலிசியின் நகல்கூட நம்மில் பலரிடம் கிடையாது. நாளைக்கே கேட்டு வாங்கி, விலாசத்தையும் தொகையையும் சரிபாருங்கள்.

வெள்ளமோ தீயோ வந்தால் செய்ய வேண்டியவை இவை:

1. அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

2. சர்வேயர் பார்ப்பதற்கு முன் சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள். அவசரமாக அகற்ற வேண்டி வந்தால் போட்டோ, வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு அகற்றுங்கள். சர்வேயருக்குக் கூலி கம்பெனி கொடுக்கிறது. நாம் கொடுக்க வேண்டியதில்லை.

3. கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். உங்கள் பில் நனைந்துவிட்டால் உங்களுக்குச் சரக்கு போட்ட மண்டியில் நகல் கேளுங்கள். கொடுப்பது மொத்த வியாபாரிகளாகிய எங்கள் கடமை.

4. தொகை குறைந்தால் எந்த இனத்தில் எவ்வளவு, ஏன் குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

5. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டதாலேயே மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2015இலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அவசரத்துக்கு வந்த பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்கு ஆட்சேபத்தை உடனே எழுதிக் கொடுங்கள்.

யாருக்குக் கொடுக்கலாம்?

உழைப்புக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்பது என் வாதம் அல்ல. நாமும் உழைத்துப் பிழைப்பவர்கள்தான். கணக்கு சிக்கலாக இருந்தால் ஆடிட்டரிடம் ஸ்டாக் கணக்குப் போட்டு வாங்குங்கள். தொகை பெரிதாக இருந்து, கம்பெனி பிடிவாதம் பிடித்தால் நல்ல வக்கீலை வையுங்கள். இருவருக்கும் வேலைக்கு இவ்வளவு என்று ரூபாயில் பேசுங்கள், பங்கில் பேசாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நிறுவனத்திடம்தான் போவேன் என்பவர்கள் நான்கு விஷயங்களையாவது பார்த்துக்கொள்ளுங்கள். சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் தொகையின்மேல் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். வரியும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். பாதியில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்று பாருங்கள். வெற்றுக் காசோலை, பவர் பத்திரம், அசல் பாலிசி இந்த மூன்றையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த விதவைப் பெண்மீது வழக்கு வந்தது ஒரு காசோலையால்தான்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பகுதிக்குப் பகுதி நம் கிளைகள் இருக்கின்றன. படித்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கிளையிலும் மாதம் ஒரு நாள், பாலிசியைப் படித்துச் சொல்லவும், புகார் கடிதம் எழுதித் தரவும், ஆம்புட்ஸ்மன் படிவத்தை நிரப்பித் தரவும் இரண்டு பேரை உட்கார வைத்தால் போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இதைச் செய்தால், அடுத்த வெள்ளத்தில் நம் சிறு கடைக்காரர்களின் முதல் முழுதாக அவர்கள் கல்லாவுக்கே வந்து சேரும்.